தூக்க வேண்டியது சக்கரமா, வண்டியா?

சென்ற ஆண்டு மழைக்கு முன்னால் என் ஹிமாலயன் பைக்குக்குக் கோன் செட் (ஹேண்டில் திரும்புவதற்கான பேரிங்குகள்) மாற்ற உட்கார்ந்தேன். உட்கார்ந்தது பிரச்சினையில்லை, எழுந்திருக்கத்தான் முடியவில்லை. ஒரு கை டேங்கில், ஒரு கை சுவரில். போதாததற்கு மகன் பின்னாலிருந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். "வண்டியைத் தூக்க லிஃப்ட் வாங்குறதுக்கு முன்னாடி உங்களைத் தூக்க ஒண்ணு வாங்கணும்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கிண்டல்தான். ஆனால் எந்த லிஃப்ட் வாங்குவது என்று ஏழெட்டு மாதம் அலைந்த பிறகு பார்த்தால், அவன் அன்றைக்குச் சொன்னதில்தான் மொத்த விஷயமும் இருந்தது. அது புரியாமல் நடுவில் இரண்டு பொருளைத் தப்பாக வாங்கினேன்.

பைக் லிஃப்ட் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேறு சாமான்களை விற்கிறார்கள். ஒன்று, சக்கரத்தைத் தரையிலிருந்து நாலு விரற்கடை தூக்கிப் பிடிப்பது. செயினைச் சுத்தம் செய்ய, சக்கரம் கழற்ற, பிரேக் ஷூ மாற்ற இது போதும். இன்னொன்று, இரண்டு சக்கரமும் தகட்டின் மேல் நின்றபடியே இருக்க, வண்டி மொத்தத்தையும் நம் இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவருவது. முதலாவது வண்டிக்கு உதவி. இரண்டாவது நம் முழங்காலுக்கும் முதுகுக்கும் உதவி. இரண்டாவதை வாங்கினால் முதலாவது இலவசமாக வந்துவிடும் என்று நினைத்தேன். வராது. மேடை லிஃப்டில் ஏற்றிய வண்டியின் பின்சக்கரத்தைக் கழற்ற, அந்த மேடையின் மேலேயே சென்டர் ஸ்டாண்டோ பேடாக் ஸ்டாண்டோ (சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்கிற தனி ஸ்டாண்ட்) போட்டுத்தான் ஆக வேண்டும்.

வீட்டில் மூன்று வண்டிகள். என்னுடைய ஹிமாலயன் 411, கம்பெனிக் கணக்குப்படி எண்ணெய், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 199 கிலோ. மகனின் ஆர்15 மூன்றாவது பதிப்பு, 142 கிலோ. அப்பா ஓட்டுகிற ஸ்ப்ளெண்டர் பிளஸ், 112 கிலோ. ஒரே வீட்டில் இருந்தாலும் மூன்றின் அடிவயிறும் மூன்று மாதிரி. அதனால் எந்த முறையானாலும் இந்த மூன்றிலும் வைத்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

காசில்லாத வழி

வண்டியில் சென்டர் ஸ்டாண்ட் இருந்தால் பாதி லிஃப்ட் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. ஹிமாலயனிலும் ஸ்ப்ளெண்டரிலும் இருக்கிறது, ஆர்15இல் கிடையாது. சென்டர் ஸ்டாண்ட் போட்டால் பின்சக்கரம் காற்றில் நிற்கும். முன்சக்கரம் கழற்ற வேண்டுமானால் பழைய காரோடு வந்த கத்தரி ஜாக்கியை எடுத்து, மேலே ஒரு மரக்கட்டை வைத்து, இன்ஜினுக்கு முன்பக்கமாக சேஸிஸ் குழாயின் அடியில் கொடுத்து மெல்லத் திருகினால் போதும்.

இதில் ஒரே ஒரு ஆபத்து. முன்பக்கம் தூக்கும்போதோ, இறுகிப்போன நட்டை ஸ்பேனர் போட்டு இழுக்கும்போதோ வண்டி கொஞ்சம் முன்னால் நகர்ந்தால் சென்டர் ஸ்டாண்ட் படக்கென்று மடங்கிக்கொள்ளும். அதற்கு மெக்கானிக் அண்ணன் ஒருவர் சொல்லிக்கொடுத்த வைத்தியம்: ஸ்டாண்டின் காலையும் சேஸிஸின் முன் குழாயையும் சேர்த்து ஒரு கயிற்றால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். ஸ்டாண்டால் பின்னோக்கி மடங்க முடியாது. ஐந்து ரூபாய்க் கயிறு. இது இல்லாமல் சென்டர் ஸ்டாண்டில் வைத்து முன்சக்கரம் கழற்றவே கூடாது என்பது என் கட்சி.

வருடத்துக்கு இரண்டு தடவை ஆயில் மாற்றி, மாதம் ஒரு தடவை செயினுக்கு எண்ணெய் போடுகிறவர் என்றால் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை. பஞ்சர் கடையில் கிடக்கிற மாதிரி ஒரு குட்டை ஸ்டூல் வாங்கிக்கொண்டால் முடிந்தது.

பேடாக் ஸ்டாண்ட்

சென்டர் ஸ்டாண்ட் இல்லாத வண்டிக்கு இதுதான் முதல் செலவு. நான் விசாரித்தபோது 2,000 ரூபாயிலிருந்து 4,000 வரை சொன்னார்கள். பின்சக்கரத்துக்கானதில் இரண்டு வகை. பின்சக்கரத்தைத் தாங்குகிற சுவிங் ஆர்மில் ஸ்பூல் என்கிற குமிழைத் திருகி, அதன் அடியில் கவட்டை மாதிரி கொடுத்துத் தூக்குவது ஒன்று. எல் வடிவ ரப்பர் தாங்கியைச் சுவிங் ஆர்மின் அடியிலேயே நேராகக் கொடுப்பது இன்னொன்று. ஸ்பூல் உறுதியானது, நழுவாது. ஆனால் அதற்கான மரைத்துளை வண்டியில் இருக்க வேண்டும். அந்த மரையும் எம்6, எம்8, எம்10 என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். துளையைப் பார்க்காமல் ஸ்பூல் வாங்கிவிட்டு, "கொஞ்சம் டைட்டா இருக்கு, அடிச்சு ஏத்திடலாம்" என்று கிளம்பினால் சுவிங் ஆர்ம் மரை போய்விடும்.

தனி ஆளாகப் பேடாக் ஸ்டாண்ட் போடுவது ஒரு கலை. சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருக்கிற வண்டியை ஒரு கையால் நிமிர்த்திப் பிடித்து, மறு கையால் ஸ்டாண்டை அமுக்க வேண்டும். முதல் பத்து நாளைக்கு யாராவது பக்கத்தில் நிற்கட்டும். நான் சைடு ஸ்டாண்டின் அடியில் ஒரு பலகைத் துண்டு கொடுத்து, வண்டியின் சாய்வைக் குறைத்துக்கொண்டு போடுகிறேன். அப்போது பாதி கஷ்டம் குறைகிறது.

பின்சக்கரம் காற்றில் நின்றதும் எல்லாருக்கும் ஒரு ஆசை வரும். இன்ஜினை ஸ்டார்ட் செய்து, முதல் கியர் போட்டுவிட்டு, ஓடுகிற செயினில் துணியைப் பிடித்தால் சீக்கிரம் சுத்தமாகிவிடுமே என்று. துணியைச் செயின் இழுக்கும், துணியோடு விரலையும் இழுக்கும், ஸ்ப்ராக்கெட்டின் பல்லுக்குள் கொண்டுபோய் விடும். விரல் போனவர்கள் இருக்கிறார்கள். சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். கூடுதலாகப் பத்து நிமிடம்தான் ஆகும்.

என் முதல் தப்பு இந்த வகையில்தான். முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கின் அடிமுனையைப் பிடித்துத் தூக்குகிற முன்சக்கர ஸ்டாண்ட் ஒன்றை, விலை குறைவு என்று வாங்கிப்போட்டேன். முன்சக்கரம் கழற்ற அது அருமை. ஆனால் நான் வாங்கியதே கோன் செட்டுக்கும் ஃபோர்க் ஆயிலுக்கும். ஃபோர்க்கைக் கழற்றப்போகிற வேலைக்கு ஃபோர்க்கையே பிடித்துத் தூக்கினால் எப்படி? உட்கார்ந்திருக்கிற கிளையை வெட்டிய கதை. அந்த வேலைக்கு ஸ்டீயரிங் தண்டின் அடித்துளையில் ஊசி போலக் குத்தித் தூக்குகிற ஸ்டாண்ட் வேண்டும். கோன் செட் என்றால் அந்தத் தண்டே வெளியே வந்தாக வேண்டும் என்பதால் அதுவும் ஆகாது, அடியில்தான் தூக்கியாக வேண்டும். இது பணம் கொடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

கத்தரி ஜாக்கி

கார் ஜாக்கியின் அண்ணன் இது. அகலமான அடித்தட்டு, மேலே ரப்பர் ஒட்டிய இரண்டு பட்டை, நடுவில் ஒரு திருகு. 500 கிலோ தூக்கும் என்று எழுதியிருப்பார்கள். நான் வாங்கியபோது 5,000 ரூபாயிலிருந்து 10,000க்குள் கிடைத்தது. சேஸிஸின் அடியில் வைத்துத் திருகினால் இரண்டு சக்கரமும் தரையை விட்டுக் கிளம்பும். கோன் செட் வேலைக்கு இதுதான் சரியான சாமான்.

ஆனால் இன்ஜினுக்கு அடியில் சேஸிஸ் குழாய் ஓட வேண்டும். ஸ்ப்ளெண்டரில் இரட்டைக் குழாய் இன்ஜினைத் தொட்டில் போல ஏந்தியிருக்கும், பிரச்சினையே இல்லை. ஹிமாலயன் 411இலும் இன்ஜினுக்கு அடியில் குழாய் உண்டு, அடித்தகட்டைக் கழற்றிவிட்டு வைக்க வேண்டும். ஆர்15இன் டெல்டாபாக்ஸ் சேஸிஸ் மேலேயே நின்றுவிடுகிறது, அடியில் இருப்பது வெறும் இன்ஜின் அடிவயிறு. பழைய கிளாசிக் 350, புல்லட் யூசிஇ (இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருப்பவை) வண்டிகளிலும் இன்ஜினே சேஸிஸின் ஒரு பாகமாக வேலை செய்வதால் அடியில் தொட்டில் கிடையாது. அங்கெல்லாம் அலுமினிய வார்ப்பின் மேல் ஜாக்கியின் பட்டை உட்காரும். ஆயில் வடிக்கும் போல்ட்டின் மேலேயோ, சைலன்சர் வளைவின் மேலேயோ உட்கார்ந்தால் கதை கந்தல். இது என் இரண்டாவது தப்பு. மகனின் வண்டிக்கும் சேர்த்துத்தான் என்று வீட்டில் சொல்லி வாங்கினேன், அவன் வண்டிக்கு ஒருநாளும் பயன்படவில்லை.

ஜாக்கியைத் திருகும்போது முதல் நாலைந்து சென்டிமீட்டருக்குச் சக்கரம் அசையவே அசையாது. உட்கார்ந்திருக்கிற ஸ்ப்ரிங் விரிந்துகொண்டிருக்கும். ஹிமாலயன் மாதிரி முன்பக்கம் 200 மில்லிமீட்டர், பின்பக்கம் 180 மில்லிமீட்டர் ஆடுகிற வண்டியில் இது நன்றாகவே தெரியும். தூக்கவில்லையே என்று வேகமாகத் திருகினால், சக்கரம் கிளம்புகிற அந்த நொடியில் வண்டி எந்தப் பக்கம் கனமோ அந்தப் பக்கம் சாயும். ஒரு அடி அகலமுள்ள தட்டின் மேல் 199 கிலோ. அதனால் ஹேண்டில்பாரின் அடியிலிருந்து இரண்டு பக்கமும் பட்டை கட்டாமல் இதில் நான் வேலை செய்வதில்லை. என் போர்ட்டிகோ தூண் ஒரு பக்கம், ஜன்னல் கம்பி மறு பக்கம் என்று கட்டுகிறேன். பார்க்க வண்டியைச் சிலுவையில் அறைந்த மாதிரி இருக்கும், பரவாயில்லை.

தரையைப் பற்றி யாரும் சொல்வதில்லை

நம் ஊர் வீடுகளில் காரேஜ் என்று தனியறை அபூர்வம். கார் நிற்கிற போர்ட்டிகோதான் காரேஜ். அதன் தரையை மழைத்தண்ணீர் கேட்டுப் பக்கம் ஓடுவதற்காகக் கொத்தனார் சாய்த்துத்தான் போட்டிருப்பார். கண்ணுக்குத் தெரியாது. ரசமட்டம் வைத்துப் பார்த்தபோது என் போர்ட்டிகோவில் பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் இறக்கம் இருந்தது. சக்கரம் தரையில் இருக்கும்வரை இது ஒன்றுமே இல்லை. வண்டியை முக்கால் மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால் அந்தச் சாய்வும் கூடவே மேலே ஏறும். சாய்வு வண்டியின் நீளவாக்கில் இருந்தால் சமாளிக்கலாம், அகலவாக்கில் இருந்தால் கூடாது. வண்டி கேட்டைப் பார்த்தபடி நிற்கட்டும், அல்லது கேட்டுக்கு முதுகைக் காட்டி நிற்கட்டும். குறுக்கே நிறுத்தி மட்டும் தூக்காதீர்கள்.

இன்னொன்று டைல்ஸ். பார்க்கிங் டைல்ஸை நாணயத்தால் தட்டிப் பாருங்கள். டொக்கு டொக்கு என்று வெற்று ஓசை வந்தால் அடியில் கலவை சரியாகப் பரவவில்லை. கார் டயர் ஏறினால் தாங்குகிற டைல், ஜாக்கியின் சின்னக் காலுக்கு உடையும். என் வீட்டில் ஒன்று உடைந்தது, நடுவில் நட்சத்திரம் மாதிரி விரிசல். இப்போது முக்கால் அங்குல பிளைவுட் துண்டு ஒன்றை அடியில் போட்டுத்தான் எதையும் தூக்குகிறேன்.

கூரையில் கொக்கி போட்டுச் செயின் பிளாக் என்கிற சங்கிலிக் கப்பியில் தொங்கவிடுவது பற்றிச் சிலர் கேட்பார்கள். மின்விசிறிக் கொக்கியில் 200 கிலோ வண்டியைத் தொங்கவிடுவதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. இரும்பு உத்தரம் இருக்கிற பட்டறைக்காரர்களுக்கு அது சரி.

மேடை லிஃப்ட்: மூன்று வாசல்கள்

சரி, இப்போது முழங்காலுக்கு வருவோம். சர்வீஸ் சென்டரில் வண்டியை ஏற்றி நிறுத்துகிறார்களே, அந்த ஜாதி. வீட்டுக்கு வாங்கக்கூடிய மலிவு வகையில் மேடை ஏழடி நீளம், இரண்டடி அகலம் அளவில் இருக்கும். இறக்கி வைத்தால் 18, 20 சென்டிமீட்டர் உயரம். காலால் பம்ப் அடித்தால் 75 சென்டிமீட்டருக்கு மேல் போகும். தாங்குதிறன் பெரும்பாலும் 450 கிலோ என்று இருக்கும், அதாவது ஆயிரம் பவுண்டு. வெறும் லிஃப்டே 130, 150 கிலோ கனக்கும்.

தாங்குதிறனைப் பார்த்து மயங்க வேண்டாம். என் வீட்டில் இருக்கிற எந்த வண்டியும் அதில் பாதியைத் தாண்டாது. மலிவு லிஃப்ட் தோற்பது தூக்குவதில் அல்ல, பக்கவாட்டு ஆட்டத்தில். வாங்குகிற இடத்தில் வெறும் மேடையை முழு உயரத்துக்குத் தூக்கச் சொல்லி, ஓரத்தைப் பிடித்து இடம் வலமாக ஆட்டிப் பாருங்கள். கீல்களில் புஷ் (அச்சாணியைச் சுற்றி நிற்கும் உலோக வளையம்) லூசாக இருந்தால் மேடை கட்டில் மாதிரி ஆடும். அதன் மேல் வண்டியை நிறுத்தி, சைலன்சர் நட்டை முழு பலத்தோடு இழுப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அங்கேயே முடிவு தெரிந்துவிடும்.

முதல் வாசல், ஆன்லைனில் வருகிற ரெடிமேட் லிஃப்ட். நான் பார்த்தவை 40,000 ரூபாய்க்கு மேல்தான் தொடங்கின. விலையைப் பார்க்கும்போது லாரி பார்சல் கூலியையும் சேர்த்துப் பாருங்கள். வீட்டு வாசலுக்கு வராது, பார்சல் ஆபீஸ் குடோனில் இறக்கிவிட்டு ஃபோன் செய்வார்கள். அங்கிருந்து குட்டியானை வாடகை, இறக்க நாலு ஆள். இதன் நல்ல பக்கம் என்னவென்றால், முன்சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கிற வைஸ், பின்சக்கரத்துக்கு அடியில் கழற்றி எடுக்கிற தகடு, உயரத்தில் பூட்டிக்கொள்கிற கம்பி, எல்லாம் யோசித்துச் செய்யப்பட்டிருக்கும். கெட்ட பக்கம், இரண்டு வருடம் கழித்துச் சிலிண்டர் சீல் போனால் அதே அளவு சீல் தேடி அலைய வேண்டும். வாங்கும்போதே சீல் செட் ஒன்று கூடுதலாகத் தரச் சொல்லிக் கேளுங்கள். தர மறுத்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

இரண்டாவது வாசல், நம்மூர்ப் பட்டறை. கோயம்புத்தூரில் இருந்துகொண்டு இரும்பு வேலைக்கு வெளியூர்ப் பொருளை வாங்குவது கொஞ்சம் மானப் பிரச்சினையும்கூட. லேத்தும் வெல்டிங்கும் சேர்ந்த ஒரு பட்டறையில் கேட்டேன். ரெடிமேடில் முக்கால் பங்கு விலை சொன்னார். வழுக்காத செக்கர் பிளேட் தகட்டில் மேடை, கனமான இரும்புச் சேனல், உள்ளே பாட்டில் ஜாக்கி என்கிற ஹைட்ராலிக் ஜாக்கி ஒன்று. "இருநூறு கிலோ வண்டிக்கு எதுக்குங்க அஞ்சு டன் ஜாக்கி?" என்று கேட்டேன். "சேஃப்டிக்குத்தானுங்க" என்றார். உண்மைக் காரணம் வேறு. கத்தரிக்கால் கிட்டத்தட்டப் படுத்திருக்கும்போது அதை எழுப்புவதுதான் கடினம். வண்டியும் மேடையும் சேர்ந்து 280 கிலோ என்று வையுங்கள். கால் தரையோடு பத்து டிகிரியில் இருக்கும்போது கிடைமட்டமாகத் தள்ளித் தூக்குகிற அமைப்பில் அந்த எடையைப் போல ஐந்தரை மடங்குக்கு மேல் விசை வேண்டும். ஒன்றரை டன்னைத் தாண்டிவிடும். மேலே போகப்போகச் சுலபமாகும். அதனால்தான் எந்த மேடை லிஃப்டிலும் முதல் பத்து மிதி கனக்கும், அப்புறம் பஞ்சாகும்.

பட்டறையில் செய்யச் சொல்பவர்கள் மூன்று விஷயத்தை வாயால் சொல்லாமல் தாளில் வரைந்து கொடுங்கள். பாட்டில் ஜாக்கியைப் படுக்கவைத்தால் அதன் பம்ப் பக்கம் கீழ்நோக்கி இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் எண்ணெய்க்குப் பதில் காற்றை உறிஞ்சும். கீலில் வெறும் போல்ட் போடக் கூடாது, பிரைட் பார் என்கிற வழவழப்பான இரும்புத் தண்டில் கடைந்த அச்சாணியும் புஷ்ஷும் வேண்டும், கிரீஸ் அடிக்க நிப்பிள் வேண்டும். மூன்றாவது, பின்சக்கரத்துக்கு அடியில் தகடு கழன்றுவர வேண்டும். என் நண்பர் ஒருவர் இந்த மூன்றாவதைச் சொல்ல மறந்துவிட்டார். மேடை பாறை மாதிரி நிற்கிறது, ஆனால் பின்சக்கரத்தைக் கீழே இறக்கி உருவ வழியில்லை. ஒவ்வொரு தடவையும் வண்டியைப் பேடாக் ஸ்டாண்டில் இன்னும் உயர்த்தி, மட்கார்டோடு மல்லுக்கட்டுகிறார்.

மூன்றாவது வாசல், மூடப்பட்ட சர்வீஸ் சென்டர்களின் பழைய ராம்ப், அதாவது அவர்கள் பயன்படுத்திய மேடை லிஃப்ட். பழைய இரும்புக்கடைப் பக்கம் கண்ணில் படும். தரத்தில் இவைதான் முதலிடம். நாளைக்கு இருபது வண்டி ஏறி இறங்கியும் நிற்கிறவை. ஆனால் பலவும் கம்ப்ரசர் காற்றில் ஓடுபவை. கம்ப்ரசர் தனிச் செலவு, அதன் சத்தத்துக்கு அடுத்த வீட்டாரின் அனுமதி தனிச் செலவு. மின் மோட்டாரில் ஓடுபவை என்றால் சிங்கிள் ஃபேஸா, மூன்று ஃபேஸா என்று முதலில் பாருங்கள். எடையும் நம்மால் நகர்த்துகிற எடை இல்லை. தனி ஷெட் இருக்கிறவர்களுக்குச் சொல்வேன், கார் போர்ட்டிகோவில் வேலை பார்க்கிறவர்களுக்கு வேண்டாம்.

நான் முதல் வாசலில் நுழைந்தேன். மூன்றிலும் விலை அதிகம் அதுதான் என்று தெரிந்தேதான். காரணம் ஒன்றே ஒன்று, அதில் சக்கரம் வைத்திருந்தது. மாலையில் கார் உள்ளே வர வேண்டும். லிஃப்டைச் சுவரோரம் தள்ள முடியாவிட்டால் வீட்டில் என்னைத் தள்ளிவிடுவார்கள். இடத்தை அளக்கும்போது மேடையின் நீளத்தை மட்டும் அளக்காதீர்கள். முன்னால் ஏற்றுப்பலகைக்கு இரண்டடி, சுற்றி நடக்க இரண்டடி, எல்லாம் சேர்த்தால் பதின்மூன்றுக்கு ஆறு அடி தேவைப்படும். இணைகர வடிவக் காலுள்ள லிஃப்ட் என்றால் ஏறும்போது மேடை நேராக மேலே போகாது, ஊஞ்சல் போல ஒரு பக்கம் வளைந்து போகும். அந்தப் பக்கம் சுவர் இருந்தால் முன்சக்கரம் சுவரில் இடிக்கும். எக்ஸ் வடிவக் காலில் இந்தத் தொல்லை குறைவு.

வாங்கிய பிறகு

வந்த முதல் நாள் பம்ப் அடித்தேன், மேடை பாதியில் நின்று துள்ளியது. பழுதான சரக்கு என்று நினைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்குத் தயாரானேன். சிலிண்டருக்குள் காற்று. இறக்கும் வால்வைத் திறந்துவைத்துப் பத்துப் பதினைந்து தடவை பம்ப் அடித்துவிட்டு, மூடி மறுபடி அடித்தால் சரியாகிவிட்டது. எண்ணெய் குறைந்தால் ஹைட்ராலிக் ஆயில் மட்டுமே ஊற்றுங்கள். அலமாரியில் மீதி இருக்கிறதே என்று பிரேக் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல் ஊறிக் கெட்டுவிடும்.

ஏற்றுவதுதான் நிஜமான பரீட்சை. 18 சென்டிமீட்டர் உயரத்துக்கு 60 சென்டிமீட்டர் பலகை. பின்சக்கரம் பலகையில் ஏறும்போது வண்டியின் பாதி எடை, 100 கிலோ என்று வைத்தால், கிட்டத்தட்ட 30 கிலோ விசையோடு தள்ள வேண்டும். அதுவும் பக்கத்தில் நடந்துகொண்டே, ஹேண்டிலையும் நேராகப் பிடித்துக்கொண்டு. ஓட்டிக்கொண்டு ஏறலாமே என்று தோன்றும். இரண்டடி அகல மேடையில் காலை ஊன்றப்போனால் அடியில் தரை இருக்காது. நான் இறங்கி நின்று, முதல் கியரில் கிளட்சைப் பாதி விட்டு இன்ஜின் பலத்தில் ஏற்றுகிறேன். மகன் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொள்வான். தனியாக ஏற்றியதில்லை, ஏற்றவும் மாட்டேன்.

ஏறியதும் முன்சக்கரத்தை வைஸ் கவ்வும். அதை மட்டும் நம்பித் தூக்கிவிடாதீர்கள். ஃபோர்க்கின் மேற்பிடியில் துணிப்பட்டை வளையம் போட்டு, இரண்டு பக்கமும் ராட்செட் பட்டையால் முன்னால் கீழ்நோக்கி இழுத்துக் கட்ட வேண்டும். ஃபோர்க் மூன்றில் ஒரு பங்கு அமுங்குகிற அளவு இறுக்கம் போதும். ஹேண்டில் முனையில் கட்டினால் பிடி திருகிக்கொள்ளும்.

தூக்கியதும் பூட்டுக் கம்பியைச் செருகி, வால்வைத் திறந்து மேடையை அந்தக் கம்பியின் மேல் உட்காரவையுங்கள். எண்ணெய் தூக்கும், ஆனால் இரவெல்லாம் தாங்கிப் பிடிக்காது. கம்பியைச் செருகாமல் ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் போய், அப்படியே தூங்கியும்விட்டேன். திரும்பி வந்தபோது மேடை இரண்டு விரல் இறங்கியிருந்தது. பட்டை கட்டியிருந்ததால் ஒன்றும் ஆகவில்லை.

பழைய கத்தரி ஜாக்கியை விற்கவில்லை. கோன் செட் வேலைக்கு அதையே மேடையின் மேல் ஏற்றி, ஹிமாலயனை அதில் நிறுத்துகிறேன். மகனின் பேடாக் ஸ்டாண்டும் அப்படித்தான் மேடையேறுகிறது. தப்பாக வாங்கியதில் ஃபோர்க் ஸ்டாண்ட் மட்டும் பரணில் கிடக்கிறது.

லிஃப்ட் பக்கமே போகாமல் ஜெயித்த ஒருவரையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற டர்னர் (லேத் வேலைக்காரர்) ஒருவர், இரும்பு ஆங்கிளில் ஒன்றரை அடி உயரத்துக்கு அசையாத ஒரு மேடையும், ஆறரை அடி நீள ஏற்றுப்பலகையும் தானே வெல்டிங் செய்து வைத்திருக்கிறார். எண்ணெய் இல்லை, கீல் இல்லை, விழுவதற்கு எதுவும் இல்லை. பலகை நீளம் என்பதால் தள்ளுவதும் சுலபம். குட்டை ஸ்டூலில் உட்கார்ந்தால் இன்ஜின் நேராக மார்புக்கு எதிரே. செலவு ரெடிமேடில் கால் பங்குதான் ஆகியிருக்கும் என்கிறார். பலகை வைக்க அவ்வளவு நீளம் என் போர்ட்டிகோவில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

இறக்கும்போது செய்கிற ஒரு வேலை பாக்கி. எங்கள் வீட்டுப் பூனைக்கு மேடைக்கு அடியில் இருக்கிற நிழல் ரொம்பப் பிடித்துவிட்டது. வால்வைத் திறக்கும் முன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் இறக்குகிறேன்.